படுதா வாட்டர்ப்ரூஃப் என்று 6,800 ரூபாயைத் தண்ணீரில் விட்டேன், லாரிக்காரர்கள் உஷார்

கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்தது முந்தாநாள் ராத்திரி. லாரி லோடு மேல் போர்த்துகிற கித்தான் (கேன்வாஸ்) படுதாவை எப்படிக் கழுவணும், எப்படி வைக்கணும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன், முதலில் நான் ஏமாந்த கதையைக் கேளுங்கள்.

என்னிடம் இருப்பது ஒரு 17 அடி வண்டி. குடியாத்தத்தில் லுங்கி பேல் (கட்டு மூட்டை) ஏற்றிக்கொண்டு பெங்களூரு போவேன். பிளாஸ்டிக் தார்ப்பாய் நம்ம ஊர் வெயிலில் ஒரு கோடை தாண்டாது, அதனால் அப்பா காலத்திலிருந்தே எங்களுக்குக் கித்தான்தான். நாலு வருஷம் ஓடின படுதா, மடிப்பு மடிப்பாகக் கருப்புப் பூஞ்சை, ரெண்டு இடத்தில் லேசாகக் கசிவு. மழைக்கு முன்னால் சரிபண்ணலாம் என்று இருந்தபோதுதான் செல்போனில் ஒரு வீடியோ வந்தது. நம்ம வேலூர் பக்கமே, பைபாஸ் ஓரமாக, படுதா கழுவி, தண்ணீர் புகாதபடி மெழுகு ஏற்றித் தருகிற கடை.

நேரில் போனேன். கடைக்காரத் தம்பி ஒரு துண்டுக் கித்தானை ரெண்டு கையால் தொட்டில் மாதிரி பிடிக்கச் சொல்லி, டீ கிளாஸிலிருந்து தண்ணீரை ஊற்றினான். சேம்பு இலையில் நிற்குமே, அப்படி உருண்டு உருண்டு ஓடி என் செருப்பில் விழுந்தது. அடியில் தடவினால் பொட்டு ஈரம் இல்லை. "இன்னா ணா யோசிக்கிறீங்க, உங்க படுதாவும் இப்டித்தான் வரும், ரெண்டு வருஷம் கேரண்டி" என்றான். அங்கேதான் விழுந்தேன். அந்தத் துண்டு புதுத் துணி என்று அப்போது தோன்றவே இல்லை. ஜிபேயில் 3,000 முன்பணம், எடுக்கும்போது 3,800, ஆக 6,800. பில் கேட்டதற்கு, "பில்லு போட்டா ஜிஎஸ்டி சேரும் ணா" என்றான். நானும் சரி என்று தலையாட்டினேன். என்னைச் செருப்பால் அடிக்கணும்.

படுதா வெள்ளை வெளேரென்று வந்தது. ப்ளீச்சிங் பவுடர் நெடி, அதற்கு மேல் மெழுகுவத்தி வாசனை.

முந்தாநாள் கிருஷ்ணகிரி தாண்டியதும் மழை பிடித்தது. ஓசூரில் டீ குடிக்க நிறுத்தி ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தால், படுதாவின் உள்பக்கம் வியர்த்த முதுகு மாதிரி சொட்டுகிறது. மேல் பேலில் ஊதாச் சாயம் கரைந்து வெள்ளைக் கட்டம் போட்ட லுங்கியில் இறங்கியிருந்தது. லோடு கொடுத்த பார்ட்டி வாடகையில் 11,000 பிடித்துக்கொண்டார், அது தனிக் கணக்கு.

அங்கிருந்தே போன் போட்டேன். "முதல் மழைல அப்டித்தான் ணா, நூல் ஊறி ஓட்டை அடைச்சுக்கும்" என்றான். புதுக் கித்தானுக்கு அது உண்மைதான், அதுதான் எரிச்சலே. நாலு வருஷப் படுதாவுக்கு அதைச் சொன்னால்? நேற்று மத்தியானம் கூப்பிட்டால் ஓனர் திருப்பதி போயிருக்கிறாராம். சாயங்காலம், கெமிக்கல் கொடுத்த கம்பெனி தப்பாம். ராத்திரி, "பில் இருக்கா ணா?" 6,800 வாங்கும்போது பில் வேண்டாம், திருப்பிக் கேட்டால் பில் வேண்டும்! இன்றைக்குப் போனே எடுக்கவில்லை.

நேற்று ஷெட்டில் படுதா தைக்கிற பெரியவரிடம் காட்டினேன். தையல் நூலை நகத்தால் நெம்பினார், பட்டென்று அறுந்தது. ப்ளீச்சிங் பவுடரில் ஊறவைத்தால் பருத்தி நூல் இற்றுப்போகும், சோப்புத்தூளைச் சரியாக அலசாமல் விட்டால் துணியே தண்ணீரைக் குடிக்கும் என்றார். மெழுகும் மேல் பக்கத்தில் பேருக்குத்தான் தடவியிருக்கிறார்களாம்.

பராமரிப்பு பற்றி விவரமாக எழுத இப்போது பொறுமை இல்லை. பச்சைத் தண்ணீர், மெத்தென்ற பிரஷ், அவ்வளவுதான். ப்ளீச், வெந்நீர், பிரஷர் கன் கிட்டேயே விடாதீர்கள். ஈரத்தோடு மடிக்காதீர்கள். கடையில் தண்ணீர் ஊற்றிக் காட்டினால், உங்கள் படுதாவிலேயே, அதுவும் தையல் மேல் ஊற்றச் சொல்லுங்கள். பில் வாங்குங்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நான் இனிமேல்தான் கூப்பிடணும்.

நாளைக் காலையில் படுதாவை அந்தக் கடை வாசலிலேயே விரித்துப் போட்டு ஒரு குடம் தண்ணீர் ஊற்றப் போகிறேன், வருகிற வாடிக்கையாளர்கள் பார்க்கட்டும். புதுசுக்கு 16,000 சொல்கிறார்கள். வியாழக்கிழமை அடுத்த லோடு.