‘கடைசிக் கச்சேரி’ என்று டிக்கெட் விற்கிறார்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பிரியாவிடைச் சுற்றுப்பயணம் என்று விளம்பரம் செய்துவிட்டு, சில வருடங்களில் அதே குழு மறுபடி மேடையேறுவது திரும்பத் திரும்ப நடக்கிறது. நஷ்டம் யாருக்கு? “இனிமேல் பார்க்கவே முடியாது” என்று நம்பி, சக்திக்கு மீறி டிக்கெட் வாங்கிய ரசிகர்களுக்கு.

மாட்லி க்ரூ என்ற அமெரிக்க ராக் குழுவின் விஷயத்தைப் பாருங்கள். 2014 ஜனவரியில், கல்லறைக் கற்களைப் பின்னணியில் வைத்துக்கொண்டு, 2015-க்குப் பிறகு சுற்றுப்பயணமே கிடையாது என்று நால்வரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 2015 டிசம்பர் 31 அன்று லாஸ் ஏஞ்சலஸில் கடைசிக் கச்சேரி. 2019 நவம்பரில் அதே ஒப்பந்தம் வெடித்துச் சிதறும் வீடியோ வந்தது. 2022-இல் ஸ்டேடியம் ஸ்டேடியமாக வாசித்தார்கள். கையெழுத்துப் போட்ட பிறகும் இது எப்படி முடிந்தது? அது அவர்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம். போட்டவர்கள் எல்லோரும் சம்மதித்தால் ரத்து செய்துகொள்ளலாம். டிக்கெட் வாங்கியவர் அதில் ஒரு தரப்பே இல்லை, அதனால் கேள்வி கேட்கும் உரிமையும் அவருக்கு இல்லை. “கடைசி என்றீர்களே” என்று ரீஃபண்ட் கேட்க டிக்கெட் நிபந்தனைகளில் இடமே கிடையாது.

இது புதுப் பழக்கமும் இல்லை. அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா 1971-இல் ஓய்வு அறிவித்து 1973-இல் திரும்பினார். தி ஹூ என்ற பிரிட்டிஷ் ராக் குழுவினர் 1982-இல் விடைபெற்று 1989-இல் வந்தார்கள். கிஸ் குழு 2000-இல் ஒரு பிரியாவிடை நடத்தியது, 2019 முதல் 2023 வரை இன்னொன்று.

அதனால் அறிவிப்பை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். ‘சுற்றுப்பயணத்திலிருந்து ஓய்வு’ என்றால் ஊர் ஊராகப் போவது மட்டும்தான் நிற்கிறது. ஒரே அரங்கில் மாதக்கணக்கில் பாடுவதும் திருவிழா மேடைகளும் அதில் அடங்காது. பாடகி ஷெர் 2005-இல் பிரியாவிடையை முடித்தார், 2008-இல் லாஸ் வேகஸில் தொடர் நிகழ்ச்சி ஆரம்பித்தார், 2014-இல் மறுபடி சுற்றுப்பயணமே போனார். ‘இந்த நகரத்தில் கடைசி முறை’, ‘இந்த ஆல்பத்துக்கான கடைசிப் பயணம்’ என்பவை இன்னும் குறுகிய வாக்குறுதிகள். நேர்மையாகச் சொல்பவர்களும் உண்டு. பாடகர் பால் சைமன் 2018-இல் விடைபெறும்போதே, ஒலியமைப்பு நன்றாக இருக்கும் அரங்குகளில் எப்போதாவது பாடலாம் என்று அறிவிப்பில் எழுதியிருந்தார். 2025-இல் சிறிய அரங்குகளுக்கு வந்தபோது, அதைப் படித்தவர்களுக்கு அதிர்ச்சி இல்லை.

பணம் அதிகம் போகும் இடம் முதல் நாள் விற்பனைதான். தேவைக்கேற்ப ஏறும் விலை அந்தப் பரபரப்பில்தான் உச்சத்துக்குப் போகும். ‘பிளாட்டினம்’ என்று இருப்பது பல சமயம் அதே இருக்கைக்கு ஏற்றப்பட்ட விலை மட்டுமே, வி.ஐ.பி. சலுகை எதுவும் அதில் வராது. முதலில் அறிவித்த கச்சேரிக்கு டிக்கெட் தீர்ந்ததும் கூடுதல் நாட்கள் அறிவிப்பது வழக்கம் என்பதால், மறுவிற்பனைக்காரர்களிடம் உடனே ஓடாதீர்கள். எல்சிடி சவுண்ட்சிஸ்டம் என்ற இசைக்குழு 2011-இல் விடைபெற்றபோது நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கு டிக்கெட்டுகளை மறுவிற்பனைக்காரர்கள் அள்ளிவிட்டார்கள். குழு அதே நகரில் நான்கு நிகழ்ச்சிகளைக் கூட்டியது. அதற்குள் பல மடங்கு கொடுத்து வாங்கியவர்களுக்கு முதல் அடி அது. 2016-இல் குழு திரும்பி வந்தது இரண்டாவது அடி.

இன்னொரு ஆபத்து, கச்சேரி நடக்காமலே போவது. பிரியாவிடை நடத்தும் கலைஞர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். ஏரோஸ்மித் ராக் குழு 2023 செப்டம்பரில் மூன்றே நிகழ்ச்சிகளில் நிறுத்தியது. அதன் பாடகர் ஸ்டீவன் டைலருக்குக் குரல் காயம். முதலில் தள்ளிவைத்தார்கள், 2024 ஆகஸ்ட்டில் முழுதாக ரத்து செய்தார்கள். ரத்தானால் டிக்கெட் பணம் திரும்பும். தள்ளிவைத்தாலோ பழைய டிக்கெட் புதிய தேதிக்குச் செல்லும் என்பார்கள்; ரீஃபண்ட் கேட்கச் சில நாட்கள்தான் அவகாசம் இருக்கும், அந்த மின்னஞ்சலைத் தவறவிடாதீர்கள். விமானம், ஹோட்டல் செலவு எந்த நிலையிலும் வராது, ஆகவே ரத்து செய்யக்கூடிய அறையாகப் பதிவு செய்யுங்கள். வி.ஐ.பி. பேக்கேஜைத் தனி நிறுவனம் விற்றிருந்தால் அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ரத்தான கச்சேரிக்குப் பணம் வராவிட்டால் கார்டு கொடுத்த வங்கியில் ‘சேவை கிடைக்கவில்லை’ என்று புகார் செய்யலாம்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர்களையும் சொல்லியாக வேண்டும். பாடகி டினா டர்னர் 2009 மே மாதம் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் சுற்றுப்பயணத்தை முடித்தார்; 2023-இல் இறக்கும் வரை இன்னொன்று போகவில்லை.