தேக்கு நுனிக்கொழுந்து: சித்திரைத் துளிரா, ஐப்பசித் துளிரா?

திசு வளர்ப்புக்கு (கொழுந்தைக் கண்ணாடிக் குழாயில் சத்து ஊடகத்தில் வைத்துச் செடியாக்கும் முறை) தேக்கில் நுனி எடுக்க மதுரைப் பக்கம் இரண்டு பருவம் உண்டு. பங்குனி வரை மொட்டையாக நின்ற மரம் கோடை மழை ஒன்று விழுந்ததும் சித்திரையில் விடும் துளிர். அல்லது ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கவாத்து வெட்டிலிருந்து கிளம்பும் துளிர். என் ஓட்டு சித்திரைக்கு.

எண்ணிக்கை பார்த்தால் ஐப்பசிதான் ஜெயிக்கும். சித்திரையில் இரண்டு மூன்று வாரம்தான் கெடு. இலைச்சோடி விரிந்துவிட்டால் போச்சு.

ஆனால் கணக்கைத் தீர்ப்பது பூஞ்சை. கொழுந்தை லென்ஸில் பாருங்கள்: நுனியை மூடிய இலைச்சோடி முழுக்க நட்சத்திர வடிவ ரோமம். அடைமழையில் அதற்குள் ஈரம் காயாது, பூஞ்சை வித்து தங்கிவிடும். கிருமி நீக்கும் மருந்தில் போட்டாலும் ரோமத்தில் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு உள்ளே இறங்கவிடாது. சரியென்று அந்த மருந்தான 0.1% மெர்க்குரிக் குளோரைடில் (பாதரச உப்பு) நேரத்தைக் கூட்டினால், தண்ணீர் குடித்த இளந்திசு வெந்து கறுக்கும். மேலே சுத்தமானாலும், உள்ளே இருந்த பாக்டீரியா இரண்டு மூன்று வாரம் கழித்து அடிவெட்டைச் சுற்றிப் பால் கலங்கினாற்போல் தெரியும்.

சித்திரைத் துளிரில் பெரும்பாலும் தூசிதான். வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பும், இரண்டு நாள் முன்பும் லிட்டருக்கு 1 கிராம் கார்பென்டசிம் பூஞ்சைக்கொல்லி தெளிக்கவும். மழை பெய்தால் மூன்று நாள் காயவிடவும். காலை 8 மணிக்குள் 2-4 செ.மீ. நுனியை வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, அன்றே லேபில் ஏற்றிவிட வேண்டும். ஓடும் தண்ணீரில் அரை மணி, ட்வீன் 20 (சோப்பு போல நனைக்க உதவும் திரவம்) சில சொட்டு விட்ட தண்ணீரில் 10 நிமிடம், 70% ஆல்கஹாலில் 30 விநாடி, மெர்க்குரிக் குளோரைடில் 5 நிமிடம், கடைசியாக ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலன்) கிருமி நீக்கிய தண்ணீரில் ஐந்து அலசல். பாதரசக் கழிவைத் தனி ஜாடியில் சேர்க்கவும். சிங்க்கில் ஊற்றக் கூடாது.

சித்திரையிலும் ஒரு வம்பு உண்டு. தேக்கங்கொழுந்தைக் கசக்கினால் விரல் சிவப்பது ஊர்ப்பிள்ளைகளுக்கே தெரியும். அந்த மரம் ஊடகத்தைச் சும்மா விடுமா? வெட்டுவாயில் பீனால் என்னும் வேதிப்பொருள்கள் கசிந்து பழுப்பேறும். லிட்டருக்கு 100 மி.கி. அஸ்கார்பிக் அமிலக் கரைசலில் அரை மணி ஊறவைத்து, முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் புது ஊடகத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். பூஞ்சை வந்த குழாய்க்கு அந்த வாய்ப்பும் இல்லை. மூடியோடு ஆட்டோகிளேவுக்குத்தான் போகும்.

இதெல்லாம் தேக்குக் கணக்கு. வேம்புக்கும் சந்தனத்துக்கும் அப்படியே பொருத்த வேண்டாம்.

சித்திரையைத் தவறவிட்டால், கைத்தடிப் பருமன் கிளையை 30 செ.மீ. துண்டுகளாக்கி நிழலில் ஈரமணலில் ஊன்றித் துளிர்க்க வையுங்கள். தண்ணீரை மணலுக்கு மட்டும் ஊற்றுங்கள். துளிரை நனைத்தால் மறுபடி ஐப்பசிதான்.