பாம் ஸ்பிரிங்ஸ் ரோப்கார்: பாலையிலிருந்து பைன் காட்டுக்கு

கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ் நகரையொட்டிய செங்குத்தான மலைச்சரிவில் 1963 முதல் இயங்கிவரும் இந்த ரோப்கார், 2,643 அடி உயரத்திலிருந்து 8,516 அடிக்குச் சுமார் 10 நிமிடங்களில் நம்மை ஏற்றிச் செல்கிறது. பெட்டியின் தளம் மெல்லச் சுழல்வதால், கீழே விரியும் பாலைவனத்தையும் எதிரே நெருங்கும் பாறை முகடுகளையும் நின்ற இடத்திலிருந்தே மாறிமாறிக் காண முடிகிறது. சன்னலோரத்துக்காக எவரும் முண்டியடிக்க வேண்டியதில்லை என்பதே எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. தாங்கு கோபுரங்களைக் கடக்கையில் பெட்டி சற்று ஊசலாடும் என்பதைக் குழந்தைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மேலே, சான் ஹசிண்டோ மாநிலப் பூங்காவின் பைன் மரங்களுக்கிடையே காற்று வெகுவாகக் குளிர்ந்திருக்கும். கோடையானாலும் கம்பளிச் சட்டை அவசியம். காட்டுக்குள் நெடுந்தூரம் நடக்க விரும்புவோர், வனக்காவலர் நிலையத்தில் இலவச அனுமதிச் சீட்டு பெற்றுக்கொள்ள வேண்டும்.