சாட்டாவா, என்விஎம்இயா: பெறாமகளின் பழைய மடிக்கணினிக்கு எது?

திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துப் படிக்கிறாள் என் பெறாமகள். அவளிடம் இருப்பது பத்து வயது கடந்த மடிக்கணினி. அதை முடுக்கிவிட்டுத் தேநீர் போடப் போனால், குடித்து முடிக்கும்போதுதான் திரை தெளியும். வன்தட்டைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டில்லாமல் சில்லில் தரவை வைக்கும் சேமிப்பகம், போடலாம் என்று கடைக்குப் போனவளை எண்கள் மயக்கிவிட்டன. எஸ்எஸ்டி கணினியோடு இணையும் வழிகள் இரண்டு: பழைய சாட்டா நொடிக்கு 550 மெகாபைட், புதிய என்விஎம்இ 3,500. "ஆறு மடங்கு வேகம், சித்தப்பா!"

அவளைச் சாட்டாவின் பக்கம் திருப்பினேன். அவளது கணினியில் என்விஎம்இ பொருத்த இடமே இல்லை என்பது ஒரு காரணம். குச்சி போன்ற எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 ஸ்லொட் உள்ளவர்களும் விசாரித்துத்தான் வாங்கவேண்டும். சில கணினிகள் அந்த ஸ்லொட்டில் சாட்டா வகையை மட்டுமே ஏற்கும். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

அதைவிடப் பெரிய காரணம் வேறு. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் வன்தட்டில், தேடிய தரவு, அதை வாசிக்கும் ஊசிக்குக் கீழே வந்துசேரவே சராசரியாக 5.6 மில்லிநொடி போகிறது. ஊசி நகரும் நேரம் தனி. விண்டோஸ் விழித்தெழும்போது ஆயிரக்கணக்கான பொடிக் கோப்புகளைத் தேடுகிறது. ஒவ்வொன்றுக்கும் இந்தக் காத்திருப்பு. எஸ்எஸ்டியில் அது ஏறத்தாழ 0.1 மில்லிநொடிதான், சாட்டாவானாலும். 3,500 என்பது பெரிய கோப்பொன்றை ஒரே வீச்சில் வாசிக்கும்போது கிடைக்கும் எண். கட்டுரை எழுதுகிறவளுக்கு அப்படி வாசிக்க என்ன இருக்கிறது?

எங்கள் ஒழுங்கையில் கலியாண வீடியோ எடுக்கும் தம்பிக்கு இதே பதிலைச் சொல்லமாட்டேன். நொடிக்கு 100 மெகாபிட்டில் பதிந்தால், ஒரு கமராவே ஒரு மணி நேரத்தில் 45 ஜிகாபைட் நிரப்பும். தாலி கட்டை மூன்று கமராக்களில் எடுத்து ஒன்றாக வெட்டி ஒட்டுகிறவருக்கு என்விஎம்இ வீண் செலவல்ல. ஆனால் கமரா அட்டையிலிருந்து இறக்கும் நேரம் அதனால் குறையாது. யுஎச்எஸ்-1 என்ற அட்டைத் தரத்தின் உச்சமே நொடிக்கு 104 மெகாபைட். சாட்டாவே அதற்கு அதிகம்.

சாட்டாவா என்விஎம்இயா என்று மோதுகிறவர்கள் கவனிக்காமல் விடுவது உள்ளே தரவைத் தாங்கும் சில்லைத்தான். சாம்சங்கின் 870 ஈவோ, 870 கியூவோ இரண்டும் சாட்டா. பெட்டியில் உள்ள வாசிப்பு வேகமும் ஒன்றே, 560. ஈவோவின் டிஎல்சி சில்லு ஒரு கலத்தில் 3 பிட் வைக்கிறது, கியூவோவின் கியூஎல்சி 4 பிட்டைத் திணிக்கிறது. 1 டெராபைட் கியூவோவில் தற்காலிக வேக இடமான 42 ஜிகாபைட் நிறைந்ததும் எழுதும் வேகம் 80 மெகாபைட்டுக்கு விழுகிறது. அந்தத் தம்பியின் ஒரு மணி நேரப் பதிவே அந்த 42ஐத் தாண்டும். பிறகு வன்தட்டும் முந்திக்கொள்ளும். ஈவோவோ 530இல் நிற்கிறது. கியூவோவில் உத்தரவாதத்துக்குட்பட்டு எழுதக்கூடிய அளவும் ஈவோவின் 600 டெராபைட்டுக்கு எதிராக 360தான். விலை குறைந்த என்விஎம்இகள் பலவற்றிலும் இதே கியூஎல்சி இருக்கிறது.

மின்வெட்டும் கணக்கில் வரவேண்டும். வீட்டுப் பாவனை எஸ்எஸ்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு, மின்சாரம் திடீரென நின்றால் எழுதிக்கொண்டிருந்ததை முடித்துவைக்கும் மின்தேக்கி கிடையாது. பெறாமகளின் மடிக்கணினியில் மின்கலம் செத்து இரண்டு வருடம்; கரண்ட் போன கணமே அணைந்துவிடும். டிஎல்சி சாட்டாவோடு ஒரு புது மின்கலத்தையும் சேர்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன்.