ரேஞ்ச்ஃபைண்டரில் பெரிதாகத் தெரிந்தால் இருட்டடிக்குமா?

கேரள எல்லையோரப் புளியரைக்காரன் ஃபில்ம் கேமரா வைத்திருந்தால் வெளிச்சக் கவலை கூடவே வரும். இந்தப் பக்கம் செங்கோட்டை வெயில் கண்ணைக் கூசும், எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு தாண்டினால் மூன்று மணிக்கே மரநிழல் கவிந்துவிடும், சாரல் மாதங்களில் கேட்கவே வேண்டாம். அதனால் வ்யூஃபைண்டர், அதாவது கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல், எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பது எங்களுக்கு வெறும் வாய்ப்பேச்சு இல்லை.

சில வருஷமாக என் கையில் இருப்பது ஃபோக்ட்லேண்டர் பெஸ்ஸா ஆர்2ஏ. ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா, லென்ஸ் வழியாக இல்லாமல் தனி ஜன்னல் வழியாகப் பார்த்து, இரட்டையாகத் தெரியும் படத்தை ஒன்றாகப் பொருத்தி ஃபோகஸ் செய்வது. வ்யூஃபைண்டர் 0.7 மடங்கு, வெறும் கண்ணில் தெரிவதைவிடச் சின்னதாகக் காட்டும். புனலூர் நண்பரிடம் ஆர்3ஏ, அது 1:1, கண்ணில் தெரியும் அதே அளவு. இரண்டும் 2004-இல் வந்தவை, உடம்பு ஏறக்குறைய ஒன்றே, வித்தியாசமெல்லாம் வ்யூஃபைண்டரில்தான். அடிக்கடி மாற்றி வாங்கிக்கொள்வோம். ஊரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணாச்சி ஆர்3ஏ-வைப் பார்த்ததுமே, "பெருசாக் காட்டுனா இருட்டடிக்கும்லா தம்பி" என்றார். லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்எல்ஆர் கேமராவில் ஆயுசைக் கழித்தவர், அங்கே அது உண்மைதான். எஸ்எல்ஆரில் நாம் பார்ப்பது ஃபோகஸிங் ஸ்க்ரீன் என்ற மங்கல் தகட்டில் விழுந்த படத்தை, அதைப் பெரிதாக்கினால் அதே வெளிச்சம் அதிகப் பரப்பில் பரவி மங்கும். ரேஞ்ச்ஃபைண்டரில் ஸ்க்ரீனே கிடையாது. கண்ணாடி வழியாக நேராகவே பார்க்கிறோம். 0.7-இல் கண்மணிக்கு வந்து சேரும் வெளிச்சம் குறைவு, ஆனால் படமும் அதே கணக்கில் சின்னது. ஆக சுவர் சுவரின் பிரகாசத்திலேயேதான் தெரியும், 0.7 ஆனாலும் 1:1 ஆனாலும்.

ஆரியங்காவு டீக்கடையில் மழை மூட்டத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கண்ணில் வைத்தால் பலகாரக் கண்ணாடிப் பெட்டி இரண்டிலும் ஒரே மாதிரிதான். ஆர்3ஏ-வில் இன்னொரு வசதி, இடது கண்ணையும் திறந்தே வைத்துக்கொள்ளலாம், இரண்டு கண்ணிலும் ஒரே அளவில் தெரிவதால் வெறும் கண்ணை விட வ்யூஃபைண்டர் எவ்வளவு மங்கல் என்று அங்கேயே பார்த்துவிடலாம். லேசான மங்கல் இருக்கிறது, அவ்வளவுதான். ஒரே ஒரு விதிவிலக்கு: இருட்டிய பிறகு எதிர் மலையில் புள்ளியாகத் தெரியும் பல்புகள். அவை 0.7-இல் நிஜமாகவே மங்கும், ஏறக்குறைய பாதியாக. புள்ளி அதற்கு மேல் சின்னதாகத் தெரிய வழியில்லை, குறைந்த வெளிச்சம் குறைந்ததாகவே கண்ணுக்கு வருகிறது.

அப்படியானால் சில கேமராக்கள் ஏன் இருட்டாக இருக்கின்றன? எல்லாம் உள்ளே இருக்கும் கண்ணாடியின் வேலை. நடுவில் அந்த இரட்டைப் படம் காட்டும் கட்டம், அதாவது ஃபோகஸ் பேட்ச், தெரிவதற்காகப் பாதி ரசம் பூசிய கண்ணாடி ஒன்று குறுக்கே இருக்கும், அது தன் பங்கை எடுத்துக்கொள்ளும். கோட்டிங் (வெளிச்சம் திரும்புவதைக் குறைக்கும் பூச்சு) இல்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் சுமார் 4% வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். வயதான கேமராவில் இதோடு புகைபடிந்த மாதிரி ஒரு படலமும் சேரும். என்னிடம் ஒரு பழைய ஜப்பான் கேமரா உண்டு, பெயர் வேண்டாம், எதிர்வெயிலில் பேட்ச் காணாமலே போகும், உள்ளே துடைத்து வாங்கிய பிறகு வேறு கேமரா மாதிரி ஆகிவிட்டது. மடங்கு அதே மடங்குதான்.

மேக்னிஃபிகேஷனின் உண்மையான பலன் ஃபோகஸில். இரட்டைப் படம் தரும் இரண்டு ஜன்னலுக்கும் நடுவே உள்ள தூரத்தை மடங்கால் பெருக்கினால் வரும் எண் பெரிதாக இருந்தால் ஃபோகஸ் அவ்வளவு துல்லியம். பெஸ்ஸாவில் அந்தத் தூரம் 37 மி.மீ., 0.7-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 26, ஆர்3ஏ-வில் முழு 37. 1954-இல் வந்த லைக்கா எம்3-இல் சுமார் 69 மி.மீ., 0.91 மடங்கு, பெருக்கினால் சுமார் 63. எம்3-இன் பெயர் இன்னும் அடிபடுவது சும்மா இல்லை. விளக்கு வெளிச்சத்தில் 75 மி.மீ. லென்ஸ் போட்டு முகம் எடுக்கும்போது ஆர்3ஏ-வின் பேட்ச் பெரிதாக இருப்பதால் இமை முடியைப் பிடித்துப் பொருத்திவிடலாம். "1:1 பளிச்சுன்னு இருக்கு" என்று சிலர் சொல்வது இந்தச் சௌகரியத்தைத்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் கண்ணாடி போட்டவர்களுக்கு ஆர்3ஏ சோதனைதான், 40 மி.மீ. லென்ஸுக்குப் படத்தின் எல்லை காட்டும் ஃப்ரேம் லைனின் ஓரம் பார்க்கக் கண்ணை உருட்ட வேண்டும். நான் கண்ணாடிக்காரன், 35 மி.மீ. பிரியன், எனக்கு ஆர்2ஏ போதும். கண் வைக்கும் ஐபீஸில் திருகிப் போடும் மேக்னிஃபையரை வாங்குகிறவர்கள் கோட்டிங் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு லென்ஸ் என்றால் நான்கு பரப்பு, கோட்டிங் இல்லாவிட்டால் 15% வெளிச்சம் அங்கேயே போய்விடும்.