கேஸ் நோட்ட கதை மாதிரி எழுதுறதா, சோப் முறையில எழுதுறதா?

எம்எஸ்டபிள்யூ, அதாவது சமூகப்பணி முதுகலை படிக்கிறப்ப ஃபீல்டு வொர்க் ரிப்போர்ட்ல பக்கம் பக்கமா எழுதுவோமே, போனேன், இப்படி கேட்டேன், அவங்க இப்படி சொன்னாங்கன்னு, அந்த நரேட்டிவ் முறைய வேலைக்கு வந்த பிறகும் நிறைய பேர் விடுறதில்ல. இன்னொன்னு சோப் நோட். லாரன்ஸ் வீட்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1960கள்ல நோயாளிகளோட ரெக்கார்டுக்காக உருவாக்கின முறையில இருந்து வந்தது. கிளையன்ட் சொன்னது, நாம கண்ணால பார்த்தது, அதுல இருந்து நமக்குப் புரிஞ்சது, அடுத்து செய்யப்போறதுன்னு நாலே பகுதி. இந்த நாலோட இங்கிலீஷ் பேர்ல இருக்கிற முதல் எழுத்துகள் சேர்ந்ததுதான் சோப் (SOAP).

குழந்தைகள் கேஸ்ல ரெண்டையும் எழுதிப் பார்த்துட்டேன். முதல் ஹோம் விசிட்டுக்கு நரேட்டிவ அடிச்சுக்க முடியாது. ஏன் ஸ்கூலுக்குப் போகலன்னு கேட்டா எந்தப் பிள்ளையும் நேரா சொல்லாது, தம்பி பத்தி பேசும், பக்கத்து வீட்டு நாய் பத்தி பேசும், அப்புறம் திடீர்னு சித்தப்பா பேர் வந்ததும் வாய மூடிக்கும், எதுக்கப்புறம் எது வந்துச்சுங்கிற அந்த வரிசைதான் நமக்கு முக்கியம், அத நாலு கட்டத்துல பிரிச்சுப் போட்டா காணாம போயிடும்.

ஆனா ஃபைல் கை மாறும்போது பாருங்க. ஜேஜே ஆக்ட் 2015, அதாவது சிறார் நீதிச் சட்டத்துல 36வது பிரிவுப்படி, குழந்தையோட குடும்பம், சூழ்நிலை பத்தின சமூக விசாரணைய 15 நாளுக்குள்ள முடிக்கணும். நடுவுல வேற ஆள் வந்தா 30 பக்கத்தப் புரட்டி அடுத்து என்ன செய்யணும்னு தேட அவங்களுக்கு ஏது நேரம்? சோப்ல கடைசி வரியப் பார்த்தா போதும்.

அதவிட எனக்குப் பெருசா தெரியுறது வேற. நரேட்டிவ்ல "அம்மா பொறுப்பில்லாதவங்க"ன்னு ஒரு வரி சத்தமில்லாம நுழைஞ்சுடும், அத யார் சொன்னா, நாம எதப் பார்த்து எழுதினோம்னு பின்னாடி படிக்கிற யாருக்கும் தெரியாது, ஒரு குடும்பத்தோட தலையெழுத்தே அந்த வரியால மாறலாம். சோப்ல எழுதினா "மதியம் 12 மணிக்கு வீடு பூட்டியிருந்தது"ன்னு பார்த்தது தனியா, "அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாங்க"ன்னு கேட்டது தனியா வரும், நம்ம கருத்து தனியா நிக்கும். குழந்தை சொன்னத மட்டும் நம்ம வார்த்தைக்கு மாத்தாம அப்படியே எழுதணும்.

வாட்ஸ்அப் குரூப்ல போட்டோவோட அப்டேட் போடுறத ரெக்கார்டுன்னு நினைக்கவே நினைக்காதீங்க. குழந்தையோட அடையாளம் வெளிய போனா அதே சட்டத்தோட 74வது பிரிவுப்படி ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் இருக்கு.

நான் இப்ப முதல் விசிட்ட நரேட்டிவ்ல எழுதுறேன், ஃபாலோ-அப் எல்லாம் சோப். எதுவா இருந்தாலும் அன்னிக்கே எழுதி தேதி, நேரம், கையெழுத்து போட்டுடுவேன், தப்பா எழுதிட்டா ஒயிட்னர் வைக்காம ஒரே கோடா அடிச்சு பக்கத்துல இனிஷியல்.