போலராய்டு லேண்ட் கேமரா மாடல் 95: 89.75 டாலருக்குத் தகுமா?

லென்ஸை மட்டும் பார்த்து மார்க் போட்டால் மாடல் 95 பாஸ் மார்க்கை ஒட்டித்தான் நிற்கும். 135 மி.மீ. குவியத் தூரம், மூன்று கண்ணாடிகள், முழுசாகத் திறந்தாலும் எஃப்/11, அதாவது ஒளி புகும் துவாரம் சின்னதுதான். ஷட்டரின் உச்ச வேகம் விநாடியில் அறுபதில் ஒரு பங்கு. தூரத்தை அளந்து சொல்லும் ரேஞ்ச்ஃபைண்டர் கிடையாது. எதிரே நிற்பவர் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறார் என்று கண்மதிப்பில் கணித்து, அளவுகோலில் நாமே வைக்க வேண்டும். எடை நாலு பவுண்டுக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட 2 கிலோ. இதற்கு 1948ல் வைத்த விலை 89.75 டாலர். அடுத்த ஆண்டு கோடக் இறக்கிய பிரௌனி ஹாக்ஐ என்ற எளிய கேமரா 5.50 டாலருக்குக் கிடைத்தது.

ஆனாலும் 1948 நவம்பர் 26 அன்று, தேங்ஸ்கிவிங் விடுமுறைக்கு மறுநாள், பாஸ்டன் நகரின் ஜோர்டன் மார்ஷ் கடையில் விற்பனைக்கு வைத்த 57 கேமராவும் அன்றைக்கே தீர்ந்துபோயின. கூடவே வைத்திருந்த ஃபிலிமும் மிச்சமில்லை. வாங்கியவர்கள் ஏமாளிகள் அல்ல. அவர்கள் காசு கொடுத்தது முன்பக்கத்து லென்ஸுக்கு இல்லை, எடுத்த படத்தை ஒரே நிமிடத்தில் கழுவிக் கையில் தரும், பின்பக்கத்து மூடிக்குள் இருக்கும் இருட்டறைக்கு. இந்தக் கேமராவை எடைபோட வேண்டியதும் அங்கேதான்.

முதலில் செலவுக் கணக்கு. 1948ல் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 40 சென்ட். அந்தக் கூலிக்கு வேலை செய்பவர் ஒருவர் இந்தக் கேமராவை வாங்க 224 மணி நேரம், வாரம் 40 மணி என்று வைத்தால் ஐந்தரை வாரத்துக்கு மேல், உழைக்க வேண்டும். எட்டுப் படம் எடுக்கும் ஃபிலிம் சுருள் 1.75 டாலர். ஒரு படத்துக்கு ஏறக்குறைய 22 சென்ட், அரைமணி நேரக் கூலிக்கும் மேலே. கெட்டுப்போன படத்துக்கும் அதே 22 சென்ட்தான். ஆகவே இது எல்லார் வீட்டுக்கும் வந்த பொருள் அல்ல. போருக்குப் பின் கையில் காசு புரளத் தொடங்கிய நடுத்தரக் குடும்பம், புது வீட்டையும் புதுக் குழந்தையையும் விருந்தினருக்குக் காட்ட விரும்பிய குடும்பம், அதுதான் இதன் வாடிக்கையாளர்.

இனி உள்ளே நடப்பது. கேமராவுக்குள் ஒன்றல்ல, இரண்டு சுருள்கள் போகின்றன. ஒன்று ஒளி படும் நெகட்டிவ். இன்னொன்று படம் பதியப்போகும் தாள். அதில் ஒவ்வொரு படத்துக்கும் ஒன்றாக, காற்றுப் புகாத சின்னச் சின்ன உறைகள் ஒட்டியிருக்கும். உறைக்குள் காரத்தன்மையுள்ள கெட்டியான வேதிக் குழம்பு. கேமராவை முகம் கீழாகக் கிடத்தி, பின்மூடியைத் திறந்து, சுருள்களை இரு முனைகளிலும் உட்கார்த்தி, முன்நுனிக் காகிதத்தை எஃகு உருளைகள் வழியாக வெளியே விட்டு மூட வேண்டும். நுனியைப் பிடித்து அது தானாக நிற்கும்வரை இழுத்தால் முதல் படத்துக்குத் தயார். இருட்டறை வேண்டாம், நேர் வெயில் படாத நிழல் போதும்.

படம் எடுத்த பிறகு ஃபிலிம் பூட்டை விடுவித்து, நுனியை மறுபடி இழுக்க வேண்டும். அப்போது நெகட்டிவும் தாளும், கரும்பு ஆலையில் கரும்பு போல, இரண்டு உருளைகளுக்கு நடுவே நெருக்குண்டு போகின்றன. உறை உடைந்து குழம்பு இரண்டுக்கும் இடையில் மெல்லிய படலமாகப் பரவுகிறது. ஒளி பட்ட வெள்ளி உப்பு நெகட்டிவிலேயே கருத்து நின்றுவிடும். ஒளி படாதது கரைந்து, எதிரே இருக்கும் தாளுக்கு இடம்பெயர்ந்து, அங்கே வெள்ளியாகப் படியும். நெகட்டிவில் வெளுப்பாக இருக்கும் இடம் தாளில் கருப்பாகும், நேர்ப்படம் கிடைத்துவிடும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காகிதத்தை வெட்டு விளிம்பில் கிழித்துவிட்டு 60 விநாடி காத்திருந்து, பின்பக்கச் சின்னக் கதவைத் திறந்து உரித்தால் படம் கையில். போலராய்டு நிறுவனர் எட்வின் லேண்ட் 1947 பிப்ரவரி 21 அன்று நியூயார்க்கில் அமெரிக்க ஒளியியல் கழகக் கூட்டத்தில் செய்து காட்டியது இந்த வேதியியலைத்தான். கேமரா என்பது அதற்குப் பிறகு கட்டிய கூடு.

கூடு நன்றாகவே கட்டப்பட்டிருக்கிறது. அலுமினிய உடல், பழுப்புத் தோல் போன்ற உறை, முன்மூடியைத் தாழ்த்தி லென்ஸை முன்னே இழுத்தால் விரியும் துருத்தி. உயிர்நாடி அந்த இரண்டு உருளைகள். இழுக்கும் கையும் அவற்றின் சுத்தமும் சரியாக இருந்தால் முக்கால்வாசிப் பிரச்சினை வராது. தயங்கித் தயங்கி இழுத்தால், நின்ற இடத்திலெல்லாம் படத்தின் குறுக்கே பட்டை விழும். வெடுக்கென்று இழுத்தால் குழம்பு சீராகப் பரவாமல் வெள்ளைப் புள்ளிகளும் மூலைகளில் வெற்றிடமும் வரும். ஒரே வேகத்தில், நேராக, நிற்கும்வரை ஒரே இழுப்பு. படத்தில் சம இடைவெளி விட்டு ஒரே மாதிரிப் புள்ளி திரும்பத் திரும்ப வந்தால் அது ஃபிலிமின் குற்றமல்ல. உருளையில் முந்தைய சுருளின் குழம்பு காய்ந்து ஒட்டியிருக்கிறது. ஈரத்துணியால் துடைத்து, உருளையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, உலர்ந்த பிறகே அடுத்த சுருளைப் போட வேண்டும். குழம்பு காரத்தன்மை கொண்டது, விரலில் பட்டால் உடனே கழுவ வேண்டும். உரித்துப் போட்ட நெகட்டிவைச் சோபாவின் மேலோ குழந்தை கைக்கெட்டும் இடத்திலோ வைக்கக் கூடாது.

60 விநாடி என்பது மிதமான வெப்பத்துக்கான கணக்கு. குளிரில் குழம்பின் வேலை மந்தமாகும். பாஸ்டன் இருக்கும் நியூ இங்கிலாந்துப் பகுதியின் டிசம்பரில் வெளியே எடுத்த படம் சோகை பிடித்தாற்போல வெளிறும். கேமராவைக் கோட்டுக்குள் வைத்துக் கதகதப்பாக்குவது, கூடுதல் நேரம் விடுவது இரண்டும் உதவும். நெடுநேரம் மறந்துவிட்டால் குழம்பு காய்ந்து, உரிக்கும்போது படத்தோடு ஒட்டி வரும்.

விளம்பரங்கள் அடக்கி வாசித்த ஒரு குறை இங்கே இருக்கிறது. படம் கேமராவுக்குள்ளேயே உருவாவதால், அந்த ஒரு நிமிடமும் அடுத்த படம் எடுக்க முடியாது. பிறந்தநாளில் குழந்தை மெழுகுவத்தியை ஊதும் கணத்தைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான். வெளியே எடுத்து வைத்துக் காத்திருக்கும் வசதி 1963ல் சுருளுக்குப் பதில் பெட்டியாக வரும் பேக் ஃபிலிம் வந்த பிறகே கிடைத்தது.

ஒளி அளவை அமைக்கும் முறைதான் இந்தக் கேமராவில் மிகவும் பாராட்டத் தக்கது. துவார அளவு தனி, வேகம் தனி என்று குழப்பாமல், 1 முதல் 8 வரை ஒரே எண். 1 என்றால் எஃப்/11ல் எட்டில் ஒரு விநாடி. 4 வரை வேகம் கூடும். அதன்பின் வேகம் நின்று துவாரம் சுருங்கி 8ல் எஃப்/45. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒளி பாதியாகும். முதல் ஃபிலிமான டைப் 40 ஏஎஸ்ஏ 100 வேகம் கொண்டது (ஏஎஸ்ஏ என்பது ஃபிலிம் ஒளியை உணரும் திறனின் அளவு). நல்ல வெயிலுக்கு 6, மேகமூட்டத்தில் வெளிச்சமிருந்தால் 4, வீட்டு நிழலில் 3 என்று தொடங்கலாம். வீட்டுக்குள் விளக்கொளியில் 1 வைத்தாலும் எட்டாது. ஃபிளாஷ் பல்ப் இல்லாமல் வரவேற்பறைப் படம் எடுக்க நினைக்க வேண்டாம்.

சாதாரண ஃபிலிமில் ஒன்றிரண்டு படி பிசகினாலும் மருந்துக்கடை மூலம் ஃபிலிமைக் கழுவ வாங்கும் லேப், பிரிண்ட் போடும்போது சமாளித்துவிடும். பிரௌனிக்காரர்கள் செய்த பாதித் தவறுகள் அவர்களுக்கே தெரியாமல் போனது அதனால்தான். இங்கே நெகட்டிவுக்கும் பிரிண்டுக்கும் நடுவே ஆள் இல்லை. ஒரு எண் தவறினாலே படத்தில் தெரியும். படம் இருண்டிருந்தால் எண்ணைக் குறைக்க வேண்டும், வெளுத்திருந்தால் கூட்ட வேண்டும். திருத்தம் அந்த இடத்திலேயே முடியும், ஆள் கலையும் முன்பே. ஒரு வாரம் கழித்து லேபிலிருந்து வரும் கெட்ட செய்தியைவிட இது எவ்வளவோ மேல். ஒரு சுருள் முழுக்கக் கவனமாக எடுத்தவருக்கு ஒளியளவு பற்றிக் கிடைக்கும் பாடம், பத்துச் சுருள் கழுவக் கொடுத்தவருக்குக் கிடைக்காது. லேப் ஆள் கண்ணில் படாமல் எடுக்க விரும்பிய அந்தரங்கப் படங்களுக்கும் இது தோதாக இருந்தது. நிறுவனம் அதை வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

படத்தின் தரம்? டைப் 40 தந்தது கருப்பு வெள்ளை அல்ல, பழுப்பு. தாளில் படியும் வெள்ளித் துகள்கள் மிக நுண்ணியவை என்பதால் அந்த நிறம். நிறுவனம் அதைப் பழமை அழகு என்று விற்கலாம். 1948ல் வாழ்ந்தவருக்கு அது தாத்தா காலத்து ஸ்டூடியோப் படம் மாதிரிதான். தாளின் அளவு 3¼ × 4¼ அங்குலம், பெரிதாக்காமல் நேரடியாகப் பதிவதால் லென்ஸின் பலவீனம் கண்ணை உறுத்தாது. முகங்கள் தெளிவு. ஓடும் குழந்தைகள் மட்டும் 1/60ல் கலங்கிப்போவார்கள்.

1950ல் வந்த டைப் 41 உண்மையான கருப்பு வெள்ளை. அதோடு ஒரு புதுத் தலைவலியும் வந்தது: எடுத்த படங்கள் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கின. ஒட்டியிருக்கும் குழம்பின் மிச்சமும் காற்றும் சேர்ந்து அந்த நுண்ணிய வெள்ளியைத் தின்றுவிடும். தீர்வாக, ஃபிலிமோடு ஒரு சின்னக் குழாயில் திரவம் ஊறிய பஞ்சுத் துடைப்பான் தந்தார்கள். காடி வாசம் அடிக்கும் அந்தத் திரவத்தைப் படத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை, மூலை விடாமல், ஆறேழு தடவை இழுத்துப் பூச வேண்டும். அது மிச்சக் குழம்பைத் துடைத்து, மேலே பிளாஸ்டிக் போன்ற ஒரு படலத்தை விட்டுவைக்கும். அது நன்றாகக் காயும்வரை எதன் மேலும் அடுக்கக் கூடாது. அடுக்கினால் பிரிக்க முடியாது, தூசியும் ஒட்டும். பழைய ஆல்பங்களில் நடுவில் கருமை நிற்க, ஓரங்களில் மஞ்சளாக வெளிறிய போலராய்டுகளைப் பார்த்தால், ஃபிலிமைத் திட்ட வேண்டாம். அவசரமாகப் பூசிய கைதான் காரணம். ஒரே நிமிடத்தில் படம் என்று வாங்கியவர் கடைசியில் பிரிண்டைக் கழுவிக் காயவைக்கும் வேலையையும் தானே செய்தார்.

இன்னொரு குறை, பிரதி. நெகட்டிவ் காகிதத்தில் ஆனது; உரித்த பிறகு குப்பைக்குத்தான். பாட்டிக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று என்றால் ஒவ்வொன்றுக்கும் தனிப்படம் எடுக்க வேண்டும், அல்லது இருக்கும் ஒரே பிரிண்டைப் பிரதி எடுக்கக் கொடுத்தனுப்ப வேண்டும். குடும்பத்தின் ஒரே கேமராவாக இதை வைத்துக்கொள்வது சரிவராது. பக்கத்தில் ஒரு பிரௌனி இருப்பது நல்லது.

அந்தக் காலத்திலேயே வாங்க யோசித்தவருக்குக் காத்திருப்பது லாபமாக இருந்திருக்கும். 1954ல் வந்த 95ஏ மாடலில் லென்ஸ் எஃப்/8, உச்ச வேகம் 1/100. அடுத்த ஆண்டு ஏஎஸ்ஏ 200, 400 வேக ஃபிலிம்களும் வந்தன. வீட்டுக்குள் படம் எடுப்பது அப்போதுதான் ஓரளவு கைகூடியது.

இன்று ஏலத்திலோ பழைய பொருள் கடையிலோ இதைப் பார்ப்பவர்களுக்கு: இந்தச் சுருள் ஃபிலிம் 1992ல் நின்றுவிட்டது. பேக் ஃபிலிமுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற பழைய யோசனையும், அந்த வகை ஃபிலிமான ஃபுஜி எஃப்பி-100சி 2016ல் கைவிடப்பட்ட பிறகு, பயனில்லை. மாற்றிக் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் 95ஐ விட்டு, ரேஞ்ச்ஃபைண்டரும் நல்ல லென்ஸும் உள்ள போலராய்டு 110 வரிசைக்குப் போங்கள். அலமாரிக்கு என்றால் 95 போதும், கிடைப்பதும் எளிது.

எதுவும் மாற்றாமல் படம் எடுக்கவும் வழி உண்டு. சிவப்பு விளக்கில், கருப்பு வெள்ளைப் பிரிண்ட் தாளை 3¼ × 4¼ அங்குலமாக வெட்டி, லென்ஸைப் பார்த்தபடி ஃபிலிம் சட்டத்தில் வைத்து, மூலைகளை லேசாக ஒட்டும் டேப்பால் நிறுத்தி, மூடிகளை மூடுங்கள். தாளின் வேகம் ஏறக்குறைய ஐஎஸ்ஓ 6 (ஏஎஸ்ஏவின் இன்றைய பெயர்) என்று வைத்தால் நல்ல வெயிலுக்கு எண் 2. அது 1/15 விநாடி, ஆகவே டிரைபாட் கட்டாயம். ஒரு தடவைக்கு ஒரு தாள்தான். அதற்கு முன் இருட்டில் துருத்திக்குள் டார்ச் அடித்து மடிப்பு மூலைகளில் ஊசித்துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஷட்டரை 1ல் வைத்துத் தட்டிவிட்டு 4ல் தட்டுங்கள். சத்தத்தில் வித்தியாசம் கேட்காவிட்டால் உள்ளே பிசுக்கு சேர்ந்திருக்கிறது, திறந்து சுத்தம் செய்ய வேண்டும். எண்ணெய் மட்டும் விடாதீர்கள்; அது தகடுகளுக்குப் பரவினால் அப்புறம் ஷட்டர் அசையாது.